பொழியோரத்தில் பாவாயி

செங்கோடன் கரடு ஏறி வந்தபோது அவர் இடுப்பில் அரிவாள் இருந்தது. கழுத்தில் மாலை இல்லை. நான்கு வருஷமாகக் கழற்றாத உருத்திராட்ச மாலையைக் கழற்றி, ஒரு வாழையிலைத் துண்டில் சுற்றிக் கையில் பிடித்திருந்தார்.

கரட்டின் பாதி உயரத்தில், சாய்ந்த பாறை ஒன்றின் அடியில் மரகதத்தம்மாவின் மடம் இருக்கிறது. மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று பக்கம் மண்சுவர், ஒரு பக்கம் பாறை, மேலே தகரம். அவ்வளவுதான். அம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயது. ஒரு காலத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தவர். பிறகு என்ன தோன்றியதோ, மில்லை விட்டுக் கரட்டுக்கு வந்துவிட்டார். செங்கோடனுக்கு அறுபத்தொன்று. பதினெட்டு வயது இளையவரின் காலில் விழ அவர் ஒருநாளும் கூசியதில்லை. அம்மாவும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

அன்று செங்கோடன் விழவில்லை. நின்றபடியே இலைப்பொட்டலத்தை நீட்டினார்.

"இதை வாங்கிக்கங்க தாயே."

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு அரிவாளைப் பார்த்தார்.

"என்னங்கண்ணா இது?"

"மாலைங்க. திருப்பிக் குடுக்க வந்தேன்."

"எதுக்கு?"

"மாலை போட்டவன் கை ஓங்கக் கூடாதுன்னு இங்க சட்டம். இன்னைக்கு நான் ஒருத்தனை வெட்டப் போறேன். மாலையோட வெட்டினா மடத்துக்குக் கெட்ட பேரு. அதான், குடுத்துட்டுப் போறேன்."

செங்கோடன் அப்படிப்பட்ட ஆள். காலையில் இரவல் வாங்கிய கயிற்றைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு மனிதனை வெட்டுவதானாலும் அதை முறைப்படி செய்தாக வேண்டும் அவருக்கு. வேறு ஒருவனாக இருந்தால் கோபம் வந்த வேகத்தில் நேரே போய் வெட்டியிருப்பான். இவர் ஒன்றரை மைல் சுற்றிக்கொண்டு, காலை வெயிலில் கரடு ஏறி வந்து நிற்கிறார்.

"யாரை வெட்டப் போறீங்க?"

"வேற யாரை? ராக்கியப்பனைத்தான்."

அம்மாவுக்கு அந்தப் பெயர் புதிதில்லை. நான்கு வருஷமாக, செங்கோடன் வாயிலிருந்து அந்தப் பெயர் வராமல் ஓர் அமாவாசையும் போனதில்லை.

"உக்காருங்க. கூழ் குடிச்சீங்களா?"

"ஒருத்தனை வெட்டப் போறப்ப யாராச்சும் கூழ் குடிப்பாங்களா?"

"வெறும் வயித்துல போனா கை நடுங்கும்."

செங்கோடன் உட்கார்ந்தார். கம்மங்கூழைக் குடித்தார். குடிக்கும்போதும் அரிவாளை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. அது அவர் விலாவில் குத்திக்கொண்டே இருந்தது.

செங்கோடன் காட்டுக்கும் ராக்கியப்பன் காட்டுக்கும் நடுவில் ஒரு பொழி உண்டு. இரண்டு காட்டுக்கும் பொதுவாக, உழாமல் விட்டுவைக்கும் மேட்டுக்கு அந்தப் பக்கத்தில் பொழி என்று பேர். இவர்களுடைய அப்பன்மார் காலத்தில் அந்தப் பொழிமேல் மாட்டுவண்டி போகும். இப்போது ஓர் ஆடு போனால் அதன் வயிறு இரண்டு காட்டுப் பயிரிலும் உரசுகிறது. ராக்கியப்பன் ஒவ்வொரு உழவுக்கும் தம் பக்கத்தில் ஒரு சாண் வெட்டினார். செங்கோடன் பதிலுக்கு அரைச் சாண் வெட்டினார். ராக்கியப்பன் செய்தது திருட்டு, தாம் செய்தது நேர்படுத்தல் என்பது செங்கோடனின் கட்சி. நேர்படுத்தி நேர்படுத்தித்தான் பொழி இந்தக் கதிக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பொழியோரத்தில்தான் பாவாயியைப் புதைத்திருந்தார்கள். பாவாயி, செங்கோடன் மனைவி. நான்கு வருஷத்துக்கு முன் ஒரு வைகாசியில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். சொந்தக் காட்டில் புதைப்பது அவர்கள் வழக்கம்.

கூழ்ச் சட்டியைக் கீழே வைத்ததும் அம்மா கேட்டார்.

"இப்ப என்ன பண்ணினாரு?"

"டிராக்டரைக் கொண்டாந்து பொழியை அடிச்சுப்போட்டான் தாயே. மொத்தமா. நேத்து நான் சந்தைக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா பொழியே இல்லை, வெறும் புழுதி. பாவாயி தலைமாட்டுக் கல்லு வரைக்கும் வந்து கலப்பை திரும்பியிருக்குது. கல்லு குப்புறக் கெடக்குது. இந்தக் கையால நட்ட கல்லு. அவ தலைக்கும் கலப்பைக்கும் ஒரு முழம் இருந்தாப் பெரிசு."

சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. அந்தக் கோபத்தில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. செத்துப்போன மனைவியின் தலைமாட்டில் கலப்பை ஓடினால் எந்த மனிதனுக்கும் வர வேண்டிய கோபம்தான். வராமல் இருந்தால்தான் அவனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

"போய்க் கேட்டீங்களா?"

"கேட்டேன். ஊட்டு வாசல்லயே போய்க் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

செங்கோடன் பாறையைப் பார்த்தார். பாறையில் ஓர் ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அதைச் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"வாயில வெச்சுச் சொல்ற சொல்லு இல்லீங்க அது. கலப்பை ஓட்டினதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆள் வெச்சுக் கல்லை நிமுத்தி, மறுபடியும் மண்ணைக் கொட்டி, எப்படியோ பொறுத்திருப்பேன். அந்தச் சொல்லுக்குத்தான் வெட்டறேன்."

"பாவாயியைத் தப்பாப் பேசினாரா?"

"இல்லை."

"உங்களையா?"

செங்கோடன் எழுந்துவிட்டார். "மாலையை வாங்கிக்கங்க தாயே. நேரம் ஆகுது. வெயில் ஏறுனா அவன் காட்டை விட்டுப் போயிருவான்."

அம்மா இலைப்பொட்டலத்தை வாங்கவில்லை. அவர் கையில் இருந்தபடியே அதைப் பிரித்து மாலையை மட்டும் பார்த்தார். மணிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். மணிக்கு மணி ஒரு முடிச்சு. கயிறு கறுத்திருந்தது, ஆனால் ஒரு முடிச்சும் தளரவில்லை.

"இதை யாரு கோத்ததுன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

செங்கோடனுக்கு ஞாபகம் இல்லாமல் என்ன?

இந்த மடத்துக்கு முதலில் வந்தவள் பாவாயிதான். அமாவாசைக்கு அமாவாசை ஒரு தூக்குப்போசி மோரோடு கரடு ஏறுவாள். செங்கோடன் அப்போதெல்லாம் கேலி பேசுவார். "மில்லுக்காரிகிட்ட என்னடி ஞானம் வெச்சிருக்குது, பஞ்சுதான் இருக்கும்" என்பார். அவள் பதில் பேசாமல் மோரைத் தூக்கிக்கொண்டு போவாள். ஒருநாள் இங்கே உட்கார்ந்து இந்த மாலையைக் கோத்தாள். கோத்து முடித்து அம்மா கையில் கொடுத்து, "எங்க ஊட்டு மனுசன் என்னைக்காச்சும் இங்க வருவாரு. அன்னைக்குப் போட்டு விடுங்க" என்றாள். அவர் வந்தார். ஆனால் அவள் போன பிறகுதான் வந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, எங்கே போவதென்று தெரியாமல் ஏறி வந்து, இந்தப் பாறையடியில் உட்கார்ந்து அழுதார். அன்றைக்கு இந்த மாலை அவர் கழுத்தில் விழுந்தது.

"அவ கோத்துக் குடுத்தது. அவகிட்டச் சொல்லாம நான் எப்படித் திருப்பி வாங்கறது?" என்றார் அம்மா. "நடங்க, காட்டுக்குப் போலாம். அவ முன்னால வெச்சுக் குடுங்க, வாங்கிக்கறேன். அதுக்கப்பறம் உங்க வேலையைப் பாருங்க."

"என்னைத் தடுக்கத்தானே வர்றீங்க?"

"நான் நாப்பத்தேழு கிலோ. நீங்க மூட்டை தூக்கின ஆளு. உங்களை நான் எங்க புடிச்சுத் தடுக்கறது?"

செங்கோடனுக்கு வேறு வழி தெரியவில்லை. முறைப்படி செய்வதென்று வந்தாயிற்று, இனி முறையைப் பாதியில் விட முடியாது. மாலையை மறுபடி இலையில் சுற்றி மடியில் செருகிக்கொண்டார்.

அம்மா ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு, செம்பின் வாயை ஒரு கையால் மூடியபடி முன்னால் இறங்கினார். பாவாயி புதைந்த இடத்தை அவர் பார்த்ததில்லை. அவள் இறந்தபோது அம்மா வடக்கே யாத்திரை போயிருந்தார். திரும்பி வந்த இரண்டாம் நாள் செங்கோடன் வந்து அழுதார். அதன் பிறகு அவர்தான் மேலே வந்துகொண்டிருந்தாரே தவிர, அம்மா கீழே அந்தக் காட்டுக்குப் போகும் வேளை வாய்க்கவே இல்லை.

"தண்ணி எதுக்குங்க?"

"நாலு வருஷம் கழிச்சுப் பாக்கப் போறேன். வெறுங்கையோடவா போறது?"

சித்திரை வெயில். காடுகளுக்கு நடுவே போகும் ஒடுங்கிய தடமான இட்டேரியில் இரண்டு பக்கமும் வேலி காய்ந்து கிடந்தது. செங்கோடன் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். ராக்கியப்பன் ஆடுகளை வேண்டுமென்றே இந்தப் பக்கம் ஓட்டியது. மழைத் தண்ணீரை இந்தக் காட்டுக்குள் திருப்பி விட்டது. முள்ளை வெட்டிப் பாவாயி கால்மாட்டில் குவித்து வைத்தது. ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் கூப்பிட்டுக் கேட்டபோது சிரித்தது. ஒவ்வொன்றையும் அது நடந்த மாதத்தோடு சொன்னார். ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வாயில் வந்து நின்றது. பொய் ஒன்றும் இல்லை. ராக்கியப்பன் அத்தனையும் செய்த ஆள்தான். பக்கத்துக் காட்டுக்காரனாக அப்படி ஒருவன் வாய்ப்பது ஒரு மனிதனுக்கு நேரக்கூடிய பெரிய கேடுகளில் ஒன்று. ஓடிப்போகவும் முடியாது, ஒட்டி இருக்கவும் முடியாது.

இட்டேரி முடியும் இடத்தில் செங்கோடன் நின்றார்.

"தாயே, ஒண்ணு கேக்கட்டுங்களா? கோவத்துல கேக்கலை. நெசமாத்தான் கேக்கறேன்."

"கேளுங்கண்ணா."

"என்ற எடத்துல ஒருத்தன் காலை வெச்சா நான் என்னதான் பண்ணோணும்? பொறுத்தா, அடுத்த வருஷம் இன்னும் ஒரு அடி வர்றான். பேசினாச் சிரிக்கறான். பெரியவங்களைக் கூட்டினா மதிக்கறதில்லை. வெட்டினாப் பாவம்ங்கறீங்க. அப்ப மண்ணு இருக்கறவன் என்னதான் பண்றது?"

"காட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்."

காட்டுக்குள் நுழைந்தால் முதலில் வருவது கிணறு. கிணற்று மேட்டில் ஒரு புங்கமரம். அந்தச் சித்திரையில் சுற்றுவட்டாரத்தில் பச்சையாக இருந்தது அது ஒன்றுதான். மரத்தடியில் ஒரு துவைகல். அம்மா நேராகப் போய் அந்தக் கல்லில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"இந்த மரந்தானே அவ வெச்சது?"

"ஆமாங்க. அவ அம்மா ஊட்லயிருந்து கன்னு கொண்டாந்தா. பஸ்ஸுல மடியில வெச்சுட்டு வந்தா."

"இந்தக் கல்லுதானா? மத்தியானக் களையெடுப்பு முடிஞ்சு இதுல காலை நீட்டி உக்காந்தா, எமனே வந்து கூப்பிட்டாலும் அஞ்சு நிமிசம் இருடான்னு சொல்லிட்டுத்தான் எந்திரிப்பேன்னு சொல்லுவா."

செங்கோடன் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. "சொல்லுவா. எத்தனை சத்தம் போட்டாலும் எந்திரிக்க மாட்டா." அடுத்த நிமிஷமே அவர் கை அரிவாள் பிடிக்குப் போனது. "அவன் அங்க நிக்கறான் தாயே. பாருங்க, வேலிக்குக் கல்லுக்கால் நடறான். என்ற காட்டுக்குள்ள கல்லுக்கால் நடறான்."

காட்டின் அடுத்த கோடியில் ஓர் ஆள் குனிந்து கடப்பாரையால் குழி போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. அம்மா செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கிணற்று மேட்டிலிருந்து அங்கே போவதற்கு முந்நூறு தப்படி இருக்கும். நடுவில் ஒரு செடி இல்லை. உழுது போட்ட கட்டிகள் வெயிலில் காய்ந்து காலைக் குத்தின. தரையிலிருந்து எழும் சூடு முகத்தில் அடித்தது. அம்மா ஒருமுறை திரும்பிப் புங்கமரத்தைப் பார்த்தார். பிறகு நடந்தார்.

பாவாயியின் தலைமாட்டுக் கல் புழுதியில் குப்புறக் கிடந்தது. குழிமேடு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஓரமெல்லாம் கலப்பை தின்று, நடுவில் கொஞ்சம் மண் மட்டும் தூக்கலாகத் தெரிந்தது. மண் வெடித்திருந்தது.

ராக்கியப்பன் நிமிர்ந்தார். அவருக்கும் அறுபதை ஒட்டிய வயசு. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வாங்க தாயே. பஞ்சாயத்துப் பேச வந்தீங்களா?"

"இல்லீங்க. பாவாயியைப் பாக்க வந்தேன்."

"நல்லாப் பாருங்க. எங்க வெச்சிருக்கறான்னு நல்லாப் பாருங்க." செங்கோடன் பக்கம் திரும்பினார். "நேத்து நான் சொன்னதைத் தாயிகிட்டச் சொன்னயாடா? சொல்லியிருக்க மாட்டயே. எப்படிச் சொல்லுவே?"

"வாயை மூடுடா."

"நானே சொல்றேன். ஊரெல்லாம் பொண்டாட்டி செத்தாப் பொதைப்பாங்க தாயே. இவன் நட்டான். எல்லைக்கு அத்துக்கல்லு நடற மாதிரி நட்டான். பொணம் இருக்கற எடத்துல எவனும் ஏர் ஓட்ட மாட்டான்னு தெரிஞ்சே பண்ணினான். அன்னையிலிருந்து நாலு வருஷமா நான் சண்டை போடறது இவனோட இல்லை, செத்தவளோட. எனக்கு மட்டும் நல்லாவா இருக்குது?"

செங்கோடன் அரிவாளை உருவினார். கூச்சல் போடவில்லை. கூச்சல் போட்டிருந்தால்கூடப் பயம் குறைந்திருக்கும். உதடு வெளுத்துப்போய், கண் ஒரே இடத்தில் நின்றது. ராக்கியப்பன் இரண்டு கையாலும் கடப்பாரையைத் தூக்கினார். இருவருக்கும் நடுவில் ஆறடி இருந்தது. வெட்டுக்கு அது தூரமே இல்லை.

"அண்ணா," என்றார் அம்மா.

அவர் நடுவில் வந்து நிற்கவில்லை. யார் கையையும் பிடிக்கவில்லை. கீழே குந்தி, விழுந்து கிடந்த கல்லை நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாலையை நான் இன்னும் வாங்கலை."

செங்கோடன் இடது கையால் இலைப்பொட்டலத்தை மடியிலிருந்து பிடுங்கி நீட்டினார். கண் ராக்கியப்பன் மேலேயே இருந்தது.

"இந்தாங்க. புடிங்க."

"ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வாங்கிக்கறேன்."

"இப்பவா தாயே?"

"இப்ப விட்டா அப்பறம் உங்ககிட்டக் கேக்க முடியாது. இவரை நீங்க வெட்டினா இவரு பசங்க உங்களைச் சும்மா விட மாட்டாங்க. அவங்க விட்டாலும் சர்க்கார் விடாது. எப்படியும் உங்களையும் ஒருநாள் பாடையில தூக்கிட்டு வருவாங்க. உங்களை எங்க வைக்கச் சொல்லியிருக்கீங்க?"

செங்கோடன் யோசிக்கவே இல்லை. கண்ணைக்கூடத் திருப்பவில்லை. அரிவாள் பிடித்த கையைப் பின்பக்கமாக நீட்டிக் கிணற்று மேட்டைக் காட்டினார்.

"அங்கதான். மரத்தடியில. பையன்கிட்ட எப்பவோ சொல்லியாச்சு."

"ஏன் அங்க?"

"நெழலுங்க. தண்ணிச் சத்தம் கே…"

சொல் பாதியில் நின்றது.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அந்தக் கையை மடக்க அவருக்குத் தெரியவில்லை. அரிவாள் நுனி முந்நூறு தப்படிக்கு அப்பால் புங்கமரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது.

அவருக்கு அந்த வைகாசி ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று சொல்வது தப்பு. அது எங்கேயும் போயிருக்கவில்லை. மண்வெட்டியோடு வந்த ஆட்கள் கிணற்று மேட்டில்தான் போய் நின்றார்கள். பையன் அழுதுகொண்டே சொன்னான்: "அம்மா அந்த மரத்தடியில வைக்கச் சொன்னாங்கப்பா." அதற்கு முந்தின வாரம்தான் ராக்கியப்பன் ஒரு சாண் வெட்டியிருந்தார். செங்கோடன் சொன்னார்: "அங்க பாறை. பொழியோரமாத் தோண்டுங்க." கிணற்று மேட்டில் பாறை கிடையாது. அது தோண்டிய ஆட்களுக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதனிடம் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

அம்மா கல்லை விட்டுவிட்டுச் செம்பை எடுத்தார். வெடித்த மண்ணில் தண்ணீரை ஊற்றினார். முழுச் செம்பும் ஊற்றினார். மண் அத்தனையையும் குடித்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரத்தின் ஓரம் சுருங்கத் தொடங்கியது.

எழுந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. மரகதத்தம்மாவுக்குக் கோபம் வந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. குரல் உயரவில்லை. ஆனால் கையிலிருந்த காலிச் செம்பை அப்படியே கீழே போட்டார்.

"தோண்டச் சொன்னீங்களே, அந்த நேரத்துல உங்க மனசுல யாரு இருந்தாங்க? இவளா, இவரா?"



ராக்கியப்பன் கடப்பாரையை இறக்கித் தரையில் ஊன்றினார். "கேளுங்க தாயே. நல்லாக் கேளுங்க. நான் சொன்னா மட்டும்…"

"நீங்க பேசாதீங்க," என்றார் அம்மா, அவர் பக்கம் திரும்பி. "உங்களுக்கு நெசம் தெரிஞ்சிருந்துது. தெரிஞ்சும் அவ தலைமேலதானே கலப்பையைக் கொண்டாந்தீங்க? உங்க ரெண்டு பேரு சண்டையில, அவ ஒருத்திதான் திருப்பி அடிக்க மாட்டா. அதனால ரெண்டு பேரும் அவளைப் புடிச்சுக்கிட்டீங்க."

ராக்கியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடப்பாரையை அவர் விடவில்லை. மூன்று பேர் நிழலும் அவரவர் காலடியில் சுருங்கிக் கிடந்தது. எங்கோ ஒரு மயில் அகவியது.

செங்கோடன் கை மெல்லக் கீழே வந்தது. அவர் பாவாயியின் மேட்டைப் பார்த்தார். ஊற்றிய தண்ணீரில் இப்போது ஒரு கையளவு ஈரம்தான் மிச்சமிருந்தது. நான்கு வருஷமாக ஒவ்வொரு அமாவாசைக்கும் அவர் இங்கே வந்து கற்பூரம் ஏற்றியிருக்கிறார். ஏற்றிவிட்டு முதல் வேலையாகப் பொழியைத் தப்படி வைத்து அளந்திருக்கிறார். ஒருநாள்கூட இங்கே உட்கார்ந்ததில்லை. உட்கார முடியாத வெயில்.

அவருக்கு அழுகை வந்தது. ஆனால் அழுகையைவிடக் கோபம்தான் அப்போதும் முன்னால் நின்றது. அது இன்னும் ராக்கியப்பன் மேல்தான் இருந்தது, பாதியாவது. மீதிப் பாதிக்கு எங்கே போவதென்று தெரியவில்லை.

"அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார். குரல் கரகரத்தது. "இத்தனையும் பண்ணினவன் இவன். என்ற அப்பன் காடு இது. இந்த மண்ணை இவனுக்கே விட்டுட்டுக் கையைக் கட்டிட்டுப் போகச் சொல்றீங்களா தாயே?"

அம்மா அவர் கையிலிருந்த இலைப்பொட்டலத்தை வாங்கினார். மாலையை எடுத்து இலையைக் கீழே போட்டார். மாலையை அவருக்குப் போடவும் இல்லை, தம்மிடம் வைத்துக்கொள்ளவும் இல்லை. குப்புறக் கிடந்த கல்லின் மேல் வைத்தார்.

"மண்ணை விடச் சொல்லி நான் எப்பங்கண்ணா சொன்னேன்? அளக்கறவரைக் கூட்டியாந்து அளங்க. கல்லு நடுங்க. கேஸ் போடுங்க. உங்களுது எதுவோ அதுல ஒரு சாணும் விடாதீங்க. ஆனா, அதுக்கு வெயில்ல நீங்க நில்லுங்க. அவளை அந்த மரத்தடி நெழலுக்கு அனுப்புங்க."